ஏசிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு ஏசிக்குப் பொட்டு வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டும், மூட வேண்டிய நேரத்தில் திறந்துகொண்டும் இருந்தவன், இப்போதாவது சுற்றி வளைக்காமல் இருக்கலாம்.

என் பெயர் ராஜரத்தினம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். சத்தத்தை வைத்தே மெஷினின் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அது ஊர் கொடுத்த பேரா, நானே வைத்துக்கொண்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கோபக்காரன் என்றும் ஒரு பேர் உண்டு. அதில் சந்தேகம் இல்லை, அது ஊர் கொடுத்ததுதான்.

ஏசி வாங்கியது மகளுக்காக. மாரிசெல்வி உண்டாகியிருக்கிறாள் என்று சென்னையிலிருந்து போன் வந்த சித்திரை மாதமே வாங்கி மாட்டிவிட்டேன். தலைப்பிரசவம் இங்கேதானே. வளைகாப்பு முடிந்து அவள் வந்தபோது புரட்டாசி. மலை பக்கத்தில் இருக்கிறது என்றுதான் பேர், எங்கள் ஊரில் புரட்டாசியில் ஒரு இலை அசையாது. எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கினாள். அந்த ஒரு அறையின் குளிர்ச்சியில்தான் அவள் கொஞ்சம் கண்ணசந்தாள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், ஏசி வாங்கிய கடையிலிருந்து சர்வீசுக்கு மெல்வின் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், முப்பது வயதுக்குள் இருக்கும். சுவர் நனையாமல் பிளாஸ்டிக் பை கட்டி, பம்ப் வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினான். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் நானே டீ போடச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வீடு என்று பேச்சுவாக்கில் சொன்னான்.

பூஜை வந்தது. மில்லில் ஆயுத பூஜை என்றால் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமிலிருந்து கூட்டுகிற விளக்குமாறு வரைக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அத்தனைக்கும் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. மெஷினுக்கு எது முகம் என்று பார்த்து அங்கே வைக்க வேண்டும் என்பது என் கொள்கை. மோட்டாரில் பேர் பொறித்த தகடு, கடைசல் மெஷினில் தலைப்பாகம், இப்படி. வீட்டு ஏசிக்கு எது முகம் என்று யோசித்தேன். வலது ஓரம், கீழே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் எண் ஒளிரும். அதுதான் நெற்றி என்று முடிவு செய்தேன்.

கூடத்தில் கிடந்த பச்சை பிளாஸ்டிக் சேரைக் கொண்டு வந்தேன். அதற்கு ஒரு கால் ஆடும். தூக்கிப் போடச் சொல்லி என் மனைவி சண்முகத்தாய் ஒரு வருடமாகச் சொல்கிறாள். அவள் இரண்டு கையாலும் சேரைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி நின்று, கெட்டியாக அரைத்த சந்தனத்தை அந்தக் கண்ணாடி மறைகிற மாதிரி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரை ஓட்டக் கூடாது. அன்றைக்கு மாரிசெல்வி ஃபேனில்தான் படுத்தாள்.

மறுநாள் காலை சாமி கும்பிட்டுவிட்டு ரிமோட்டை அமுக்கினேன். ஏசியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாமே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்க்க வேண்டும் என்பவன் நான். சுவிட்ச் பெட்டியில் டிரிப் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் இருநூற்று முப்பது காட்டியது. ரிமோட்டுக்குப் புதுப் பேட்டரி போட்டேன். ரிமோட் வேலை செய்கிறதா என்று செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அமுக்கினேன். நுனியில் இருக்கிற சின்ன பல்பு கேமராவில் மின்னியது. ஆக, ரிமோட்டும் சரி. ஃபில்டரைக்கூட ஒருமுறை கழற்றி மாட்டினேன். பொட்டில் விரல் படாமல், ரொம்ப ஜாக்கிரதையாக.

கரண்ட் இருக்கிறது, ரிமோட் இருக்கிறது, மெஷின் எழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போய்விட்டது. போர்டு எப்படிப் போகும்? மூன்று நாள் முன்னால் தண்ணீர் அடித்தானே. என் கணக்கில் ஒரு ஓட்டை இல்லை என்று எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. மெல்வின் வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டேன்.

அவன் மத்தியானம் வந்தான். வெயிலில் பைக் ஓட்டி வந்து சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

"கேமரால ரிமோட்டப் பாக்குறதெல்லாம் நெறைய பேருக்குத் தெரியாது சார்" என்றான்.

பிறகு தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு போன் வந்தது. வெளியே வாசலில் போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தேன். மாரிசெல்வி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மெல்வின் அதே இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"என்ன தம்பி, சும்மா நிக்கிய?" என்றேன்.

"சார், தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு கேக்கலாமா? அந்தச் சந்தனத்தச் செத்த தொடைச்சுட்டுப் பாப்பமா? ரிமோட் சிக்னல எடுக்கிற எடம்..."

அவனை முடிக்க விடவில்லை. என்ன சொல்ல வருகிறான் என்பது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. நான் கண்டுபிடித்த கோளாறை விட்டுவிட்டு நான் வைத்த பொட்டைக் காட்டுகிறானே என்றுதான் பட்டது. மூக்கு நுனிக்கு வந்தது கோபம்.

"ஏலே, என்ன பேசுத? போர்டுல தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டு, சாமி பொட்டு மேலயா பழியப் போடுத? பொட்டு வைக்காத வீட்டுல பொறந்தவனுக்கு அதோட அருமை என்னலே தெரியும்? அதுல கைய வச்சுப் பாரு, தெரியும்."

இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. மூன்று நாள் முன்னால் என் வீட்டு டம்ளரில் டீ குடித்த பையன். தம்பி என்று கூப்பிட்ட வாய் ஒரே மூச்சில் ஏலேக்கு இறங்கி, அதோடும் நிற்காமல் அவன் பிறந்த வீடு வரைக்கும் போனது.

"அப்பா..." என்றாள் மாரிசெல்வி, மெதுவாக.

திரும்பி அவளைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அடங்கி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். அவள் விசிறியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெல்வின் பையை எடுத்துத் தோளில் போட்டான். "சரி சார், வாரேன்" என்றான். வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் காது சிவந்திருந்தது. அதைக்கூட அன்றைக்கு நான் குற்றவாளியின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடை முதலாளி ஹரிகிருஷ்ணனுக்கு உடனே போன் போட்டேன். எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். "ஒங்க ஆளு தண்ணிய அடிச்சு போர்டக் காலி பண்ணிட்டான். கேட்டா சாமி பொட்டக் கொற சொல்லுதான்" என்றேன்.

"அண்ணாச்சி, மில்லையே கட்டி ஓட்டுனவரு நீங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். மெல்வினை நிறுத்திவிட்டாராம். புதுப் போர்டு செவ்வாய்க்கிழமை வரும், வேறு ஆள் வந்து மாட்டுவான் என்றார். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுச் சண்முகத்தாயிடம், "நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஆளையே தூக்கிட்டாரு பாத்தியா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மூன்று நாள் மாரிசெல்வி ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் தரையில் கிடந்தாள். ஒரு வார்த்தை முனகவில்லை. நான் மெல்வினைத் திட்டிக்கொண்டே அவளுக்கு இளநீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சண்முகத்தாயும் நானும் உழவர் சந்தைக்குப் போனோம். திரும்பி வரும்போது மணி பத்தாகிவிட்டது. படுக்கை அறைக் கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் அடித்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மாரிசெல்வி போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"தானாச் சரியாயிருச்சுப்பா. சும்மா ரிமோட்ட அமுக்கிப் பாத்தேன், பீப்புன்னு வந்துருச்சு" என்றாள்.

"தானா எப்படிட்டி சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். அந்தக் கால் ஆடுகிற பச்சை சேர் நடு வழியில் கிடந்தது. அதைத் தூக்கிக் கூடத்தில் போட்டுவிட்டு வந்தேன். தரையில் என் காலில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனம். மஞ்சளாக நாலைந்து துணுக்கு, ஓரத்தில் குங்குமச் சிவப்பு.

நிமிர்ந்து ஏசியைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் இருபத்தாறு என்று எண் ஒளிர்ந்தது.

மாரிசெல்வி குளிக்கப் போன நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். ஸ்டூலில் ஏறி, பூஜை அறையிலிருந்து எடுத்து வந்த சந்தனத்தை அதே இடத்தில் அப்பினேன். இறங்கி ரிமோட்டை அமுக்கினேன். சத்தம் இல்லை. ஏறி ஈரத்துணியால் துடைத்தேன். அமுக்கினேன். பீப். மறுபடி அப்பினேன், மறுபடி துடைத்தேன். மில்லில் யாராவது புது ஆள் இந்தத் தப்பைச் செய்திருந்தால் பத்து பேர் முன்னால் வைத்து அவன் மானத்தை வாங்கியிருப்பேன். ரிமோட் கண் எரிகிறதா என்று கேமரா வைத்துப் பார்த்தவனுக்கு, அதை வாங்கிக்கொள்கிற கண் மறைந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அதை மறைத்தது நான். நான் செய்த எதையும் நான் சரிபார்ப்பதில்லை.

அந்தப் பையன் வந்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். அனுமதி கேட்டான். நான் அவன் வேலையைப் பிடுங்கினேன்.

அப்போதே கடைக்கு ஓடியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? போனை எடுத்து, "ஹரி, போர்டு வேண்டாம். வோல்டேஜ் பிரச்சினை போல. தானாச் சரியாயிருச்சு" என்றேன்.

"அப்ப மெல்வின்..." என்று இழுத்தார் அவர்.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்காவ, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அன்றைக்கு மதியச் சோறு இறங்கவில்லை. சண்முகத்தாய் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று அதற்கும் ஒரு பொய்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடைத்தெருவில் பால்கோவா வாங்கலாம் என்று வண்டியை நிறுத்தினேன். ஒருவனை அவன் பிறப்பைச் சொல்லித் திட்டிவிட்டு அரைக் கிலோ இனிப்போடு போய் நிற்பதா என்று கேவலமாக இருந்தது. வெறுங்கையோடு போனேன்.

சர்ச்சுக்குப் பின் தெருவில் ஏசி மெக்கானிக் என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்த பெண்ணிடம் மெல்வின் இருக்கிறாரா, ராஜபாளையத்திலிருந்து வருகிறேன் என்றேன். அவன் மனைவி இவாஞ்சலின்.

"பொட்டு வச்ச சாரா?" என்றாள்.

ஆமாம் என்றேன். உள்ளே போனாள். வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

மெல்வின் வந்து சேர் எடுத்துப் போட்டான். தரையில் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தான். அவன் சர்வீஸ் பை சுவரில் ஆணியில் தொங்கியது. அந்த வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன்தான். அதை என் பக்கம் திருப்பி வைத்தான்.

நான் உட்காரவில்லை. "தம்பி, பொட்டுதான் காரணம். நீ சொன்னதுதான் சரி" என்றேன். "காய்ஞ்சு விழுந்துருச்சு. விழுந்ததும் ஓடிருச்சு."

"தெரியும் சார்" என்றான்.

"நான் பேசுனது ரொம்பத் தப்பு. கெட்ட வார்த்தை பேசிட்டேன். மன்னிச்சுரு."

அவன் மிக்ஸி மூடியைத் துடைத்துக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"நீங்க போன் பேச வெளிய போனியள்ல சார்? அப்பமே எட்டித் தொடைச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். நீங்க வரும்போது ஏசி ஓடிக்கிட்டு இருந்திருக்கும். ஒங்க வீட்டுல சாமிக்கு வச்ச பொட்டு, கேக்காமத் தொடைக்க எனக்கு மனசு வரல. அதான் நீங்க வரட்டும்னு நின்னேன்."

பொட்டின் அருமை தெரியாதவன் என்று நான் யாரைச் சொன்னேனோ, அவன் ஒருவன்தான் அந்த அறையில் அதற்கு மரியாதை கொடுத்து நின்றிருக்கிறான். அந்த மரியாதைக்குத்தான் அவன் வேலை போனது. கண்ணில் நீர் முட்டியது. அறுபது வயதில் அடுத்தவர் வீட்டில் நின்று அழுவதா என்று அதற்கும் கூச்சமாக இருந்தது.

"நான் என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

உள்ளேயிருந்து இவாஞ்சலின் வந்து நின்றாள். "கடையில போய்ச் சொல்லுங்க சார். இவிய தண்ணிய ஊத்தி போர்டக் கெடுத்தாவன்னு மத்த கடைக்காரங்க வரைக்கும் பேச்சுப் போயிருச்சு. ரெண்டு எடத்துல வேலை கேட்டுட்டாவ, ஒருத்தரும் எடுக்கல. இங்க வந்து எங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுது?"

அவள் கேட்டது நியாயம். தனியாக வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, பாரத்தை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போல.

நேராக ராஜபாளையம் கடைக்குப் போனேன். விஜயதசமி தள்ளுபடி இன்னும் முடியவில்லை, கடையில் கூட்டம். வாஷிங் மெஷின் பார்க்க வந்த ஒரு குடும்பம், பில் போடுகிற பெண்கள், மெக்கானிக்குகள் இரண்டு பேர். கூட்டம் குறையட்டும் என்று வாசலில் நின்றேன். பிறகு, குறையக் கூடாது என்று உள்ளே போனேன்.

"ஹரி, வோல்டேஜ்னு சொன்னது பொய். நான் வச்ச சந்தனப் பொட்டு ரிமோட் கண்ண மறைச்சிருச்சு. மெல்வின் வந்ததும் சொன்னான். நான் கேக்கல" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஹரிகிருஷ்ணன் சிரித்துவிட்டார். மெக்கானிக்குகள் சிரித்தார்கள். வாஷிங் மெஷின் குடும்பமும் சிரித்தது. "அண்ணாச்சி, இது தெரியாம நாங்க போர்டு வரைக்கும் ஆர்டர் போட்டுட்டோமே" என்றார் ஹரி. சிரிப்போடு சிரிப்பாக நானும் வெளியே வந்திருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

"சிரிக்காதிய. இன்னும் இருக்கு" என்றேன். மெல்வினிடம் நான் சொன்ன அந்த வார்த்தையை, பொட்டு வைக்காத வீடு என்கிற அந்த வார்த்தையை, அப்படியே சொன்னேன். சிரிப்பு நின்றது. மெக்கானிக்கில் ஒருவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஹரி போனை எடுத்து, என் முன்னாலேயே மெல்வினைக் கூப்பிட்டு நாளைக் காலை வரச் சொன்னார். மற்ற கடைகளுக்கும் தானே பேசுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மாரிசெல்வி ஏசியை அணைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியாக ஒரு இடம் பாக்கி இருந்தது. நான் பேசியதை நேரில் கேட்டவள் அவள்தானே. எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு காய்ந்து விழுந்தது, நான் சோதித்துப் பார்த்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் போனது, கடையில் நின்றது. சொல்லி முடித்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பரவாயில்லை அப்பா என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் கீரையை முறத்தில் வைத்தாள்.

"அது காய்ஞ்சு விழலப்பா."

"பொறவு?"

"அந்த அண்ணன் சொன்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுச்சு. நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப நான்தான் சொரண்டி எடுத்தேன். வெக்கை தாங்கல. அவருக்கு வேலை போனதும் தெரியும். வாயத் தொறக்கல. நானும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அம்புட்டு ஒசரம் ஒனக்கு எப்படிட்டி எட்டுச்சு?" என்றேன்.

அவள் கூடத்து மூலையைப் பார்த்தாள். நான் தூக்கிக் கொண்டு வந்து போட்ட பச்சை சேர் அங்கே கிடந்தது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து கிடந்தது.

"யாரு பிடிச்சா?"

"யாரும் இல்ல. ஒரு கையால சொவத்தப் பிடிச்சுக்கிட்டேன்."

எட்டு மாத வயிறு. வீங்கிய கால். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தாயி."

"சொன்னாக் கத்துவியளேப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் தலையைக் குனிந்தபடியே இருந்தேன். நிமிர்ந்து அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தால் பயந்துவிடுவாளோ என்று பார்க்கவில்லை.